தெளிவாத் தெரியிறது எல்லாம் நல்ல படமா?

எச்டி டிவி ஒரு வீட்டுக்குள்ள வந்தா முதலில குறையிறது பொறுமை. முந்தி செய்தி நேரம் புள்ளி விழுந்தா அப்பா வெளியில போய் அன்ரெனாவைத் திருப்புவார், நாங்கள் உள்ளுக்குள்ள இருந்து "இப்ப சரி" எண்டு கத்துவம். இப்ப மங்கலாத் தெரிஞ்ச உடனேயே தம்பி யூடியூப்புக்குப் போயிடுவான். சக்தியும் வசந்தமும் எங்கட வீட்டில மெல்ல மெல்லக் காணாமல் போகுது.

இதுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கு. பழைய அனலாக் ஒளிபரப்பில படம் 576 கோடுகளால ஆனது. முழு எச்டியில 1080. சின்னப் பெட்டியில மறைஞ்சிருந்த குறையெல்லாம் 43 அங்குலத்தில பல்லைக் காட்டும். ஜப்பானின் டிஜிட்டல் முறையைப் பின்பற்றுவதென்று 2014இலேயே நாடு முடிவெடுத்தும், அனலாக் இன்னும் போகேல்ல. டிவி முன்னேறிட்டுது, ஒளிபரப்பு அங்கேயே நிக்குது.

செய்தியாவது நாளைக்கும் வரும். பழைய படங்களின்ர நிலைதான் கவலை. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப்படம் 'பொன்மணி' 1977இல் வந்தது. சாதியையும் சீதனத்தையும் நேராகப் பேசுகிற படம். நான் இணையத்தில பார்த்த பிரதி மங்கிப்போனது. அடுத்த வருசம், 1978இல், வந்தது சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமய்'. அதைப் புதுப்பித்து 2025இல் கான் விழாவில் திரையிட்டார்கள். ஒரே நாடு, ஒரே காலம். ஒன்று பளிச்செண்டு, மற்றது புகை மாதிரி.

ஆக, தெளிவு எண்டது படத்தின்ர தரம் இல்ல. யாரோ காசு செலவழிச்சுப் பாதுகாத்ததின் அடையாளம். 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது, அங்கிருந்த படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. எரிஞ்சதுகளை எந்த டிவியும் காட்டாது. எஞ்சியதுகளை "கிளியர் இல்ல" எண்டு நாங்களே தள்ளிவிட்டா, அதுகளைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேக்கவும் ஆள் இருக்காது.

எங்கட ஊரையே பாருங்கோ. 'திருகோணமலை' எண்டு தேடினா 4கே ட்ரோன் படங்கள் வந்து குவியும்: கோணேசர் மலை, நிலாவெளி, புறாமலை. வானத்தில இருந்து ஊர் அவ்வளவு வடிவு. துறைமுகத்தில வேலை செய்தவை, கடலுக்குப் போறவை பேசுகிற பதிவுகள் குறைவு. இருக்கிறதும் ஃபோனில எடுத்த ஆடுற படம். பெரிய திரையில எதை அமத்துவீங்கள்?

டிவியை வித்துப்போட்டு வாங்கோ எண்டு நான் சொல்லேல்ல. கிரிக்கெட் பார்க்க அதைப்போல ஒண்டும் இல்ல. ஆனா செட்டிங்ஸுக்குள்ள ஒருக்காப் போங்கோ. பழைய படத்துக்கு 4:3 வையுங்கோ, அகலத்துக்கு இழுத்தா எல்லா முகமும் வீங்கிப்போகும். செக்கனுக்கு 24 பிரேமில எடுத்த சினிமாவுக்கு டிவி தானாகவே இடைப் பிரேம்களைச் சேர்த்து டெலி நாடகம் மாதிரி ஆக்கும். அதை நிப்பாட்டுங்கோ. 2018இல டொம் குரூஸே காணொளி போட்டு இதைத்தான் சொன்னார்.

பிறகு லைட்டை அணைச்சுப்போட்டு 'பொன்மணி'யைப் போடுங்கோ. பத்து நிமிசம் கண் உறுத்தும். அதுக்குப் பிறகு கதை பிடிச்சிடும்.