திறப்பை வாங்க வாருங்கள்

தோழர்களே, வட்டக்கச்சியிலும் இராமநாதபுரத்திலும் தருமபுரத்திலும் இருந்து அறிவியல் நகர் வளாகத்துக்குப் போய்வருகிறவர்களே, உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுத்துப் பைத்தன் எழுதிப் பழகுகிற தம்பி தங்கச்சிமாரே,

ஒரு வேலைக்கு ஆள் தேவை. சம்பளம் கிடையாது. ஆனால் செய்ய ஆளில்லாமல் போனால் இழப்பு முழுக்க எங்களுடையது. ஓப்பன் தமிழ் என்கிற கட்டற்ற பைத்தன் நிரலகத்துக்குப் பராமரிப்பாளர்களாக நீங்கள் வரவேண்டும். ஒருநாள் வந்து போகிறவர்களாக அல்ல, பொறுப்பெடுக்கிறவர்களாக.

எதற்கு இந்த அவசரம் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில், கோயில் பரிபாலன சபையில், கமக்காரர் அமைப்பில் கிடக்கிற பழைய கணினிக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். கூட்ட அறிக்கை, வினாத்தாள், விழா மலர், செத்தவீட்டுக் கல்வெட்டு. பழையவற்றில் பலவும் பாமினியில் தட்டப்பட்டவை. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். தேடினால் அகப்படாது. கைபேசியில் வாசிக்க முடியாது. 2009 இடப்பெயர்வில் கடதாசியில் இருந்தவை எவ்வளவோ போய்விட்டன. கொழும்பிலும் கனடாவிலும் உறவினரின் சீடிகளில் தப்பிக் கிடக்கிற கொஞ்சத்தையும் வாசிக்க முடியாமல் விடுவதா?

இந்தக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் நிரல் ஓப்பன் தமிழுக்குள் இருக்கிறது. மாற்றுவது லேசான காரியமல்ல. பாமினியில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுவோம். யுனிகோடில் எழுத்து முதல், கொம்பு பிறகு. கொ, கோ வரிசைகளில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். ஒரு விதி முன்பின்னாக மாறினால் பக்கம் முழுவதும் குழம்பும். இடையில் ஆங்கிலப் பெயரோ தொலைபேசி இலக்கமோ வந்தால் இன்னும் சிக்கல். இந்தச் சிக்கலைப் புத்தகத்தில் படித்தவரைவிட, பாமினியில் தட்டிய கைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்த நீங்கள்தான் சரியாகப் பிடிப்பீர்கள்.

அதே நிரலகம் எழுத்துகளையும் எண்ணித் தருகிறது. வட்டக்கச்சி என்ற சொல்லில் எங்களுக்கு 7 எழுத்து. வெறும் பைத்தனிடம் கேட்டால் 11 என்று சொல்லும். புள்ளியையும் விசிறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இந்த அடிப்படைக் கணக்கு பிழைத்தால் சொற்திருத்தியும் இல்லை, அகராதித் தேடலும் இல்லை.

முத்து அண்ணாமலை தொடக்கிய வேலை இது. எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டிருப்பதால் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். பலர் பங்களித்திருக்கிறார்கள். சுமையின் பெரும்பகுதியோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் தோளில்தான். வழு அறிக்கைக்குப் பதில் எழுதுவது, வருகிற திருத்தத்தை வரிவரியாகப் பார்ப்பது, சோதனை ஓட்டுவது, புதிய பதிப்பை வெளியிடுவது எல்லாம் அவர்களுடைய பிழைப்புக்கு வெளியே எஞ்சிய நேரத்தில் நடக்கின்றன. நிரல் ஒன்றும் தானாக உயிரோடு இருக்காது. 2020 ஜனவரி 1 உடன் பைத்தன் 2 இன் காலம் முடிந்தது. அன்றைக்குக் கவனிக்க ஆளில்லாத நிரல்கள் பல கைவிடப்பட்டன. நாளைக்கும் அப்படியொரு மாற்றம் வரும்.

தனி ஆளின் தலையில் எல்லாவற்றையும் விட்டால் என்ன ஆகும் என்று உலகமே 2024 இல் பார்த்தது. லினக்ஸ் கணினிகள் எங்கும் இருக்கிற எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியைப் பின்லாந்துக்காரர் லாசே கொலின் வருடக்கணக்காகத் தனியே பார்த்துவந்தார். மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று 2022 இலேயே வெளிப்படையாக எழுதினார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார், நம்பிக்கை பெற்றார், வெளியீட்டு உரிமையும் பெற்றார். பிறகு கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். உள்நுழைய அரைச் செக்கன் கூடுதலாக எடுக்கிறதே என்று அன்ட்ரேஸ் ஃபுரொய்ன்ட் என்ற பொறியியலாளர் தோண்டிப் பார்த்ததால்தான் 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. கொலினைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அருகில் முகம் தெரிந்த நான்கு பேர் நின்றிருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தொடக்கவிழா என்றால் மண்டபம் நிறையும்; மூன்றாம் வருடம் விளக்குப் போட ஆளிராது. புதிய செயலி செய்கிறேன் என்று வருகிற பத்துப் பேரைவிட, இருக்கிற நிரலில் ஒரு வழுவைத் திருத்திவிட்டு அடுத்த மாதமும் வருகிற ஒருவரே எனக்குப் பெரியவர். இரணைமடுத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வருவது குளம் கட்டியதால் மட்டுமா? ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் துப்பரவாக்குகிறார்களே, அவர்களால்.

ஆங்கிலம் வராது என்று பின்வாங்காதீர்கள். இங்கே பரிசோதிக்க வேண்டியது தமிழ். நிரல் ஓரளவுதான் தெரியும் என்றால் வழிகாட்டிக் குறிப்பு எழுதுங்கள். அதற்குத்தான் ஆட்பஞ்சம் மிக அதிகம். வளாகத்தில் படிப்பவர்களே, இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை மதிப்பெண் வந்ததும் மறக்கிற ஒன்றாக வைக்காமல் இதற்குள் கொண்டுவாருங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வந்த முதல் வாரமே பொறுப்பைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் திருத்தம் அனுப்புங்கள், மற்றவர் அனுப்பியதைப் படித்துக் கருத்து எழுதுங்கள். பழையவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் இருந்து பழகினால்தான் நிரலகத்தின் திறப்பு நல்ல கைக்கு வரும். இரண்டு இரண்டு பேராக வாருங்கள். ஒருவருக்குப் பரீட்சை என்றால் மற்றவர் பார்ப்பார்.

வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குச் சனசமூக நிலையத்தில் கூடுவோம். மடிக்கணினி இல்லாதவர்களும் வாருங்கள், இருவருக்கு ஒன்று போதும். வீட்டில் கிடக்கிற பழைய பாமினிக் கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் போட்டு எடுத்துவாருங்கள். மாற்றி ஓட்டிப் பார்த்து, எந்த எழுத்து உடைகிறது என்று அன்றைக்கே முதல் வழு அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டுத்தான் எழும்புவோம்.