பைக்குக் காவல் இருக்கவா தாத்தா பாட்டி?

குடும்பத்தோடு தீவுக்குச் சுற்றுலா சென்று வந்தவர்களின் நிழற்படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? இளையோர் நீரில் இருப்பார்கள். பெரியோர் மர நிழலில், பைகளுக்கும் காலணிகளுக்கும் நடுவே அமர்ந்திருப்பார்கள். "தாத்தா பாட்டியையும் அழைத்துச் சென்றோம்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அவர்களைப் பைக்குக் காவல் வைத்துவிட்டு நாம் மட்டும் கடலுக்குள் போயிருக்கிறோம். இந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உடல்நிலை இடம் கொடுத்தால், எழுபது வயதானவரும் முகக்கண்ணாடி அணிந்து கடலுக்குள் பார்க்கலாம். அதற்கு ஏற்றபடி திட்டமிட வேண்டியவர்கள் நாம்தாம்.

என் அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்கு இறக்கும் வேலை செய்தவர். 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று அழைக்கப்பட்ட அவ்விடம் 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. அப்பா இன்றும் பழைய பெயரைத்தான் சொல்வார். அங்குள்ள கடல்நீர் எப்பொழுதும் கலங்கலாகவே இருக்கும். கிள்ளான் ஆறு கொண்டு வரும் வண்டலும், கிள்ளான் தீவு, கெத்தாம் தீவு ஆகியவற்றைச் சூழ்ந்த சதுப்புநிலச் சேறும் அதற்குக் காரணம். ஆகவே, நாள்தோறும் கடலைப் பார்த்தே உழைத்த அவர், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவையும் அம்மாவையும் கிழக்குக்கரைத் தீவு ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். படகில் சென்று, ஆழ்ந்த நீரில் இறங்கி, பவளப்பாறைகளைப் பார்க்கும் ஸ்நோர்கெலிங் பயணம் அது. இறங்குவது எளிதாகத்தான் இருந்தது. ஏறுவதுதான் முடியவில்லை. படகின் குறுகிய ஏணி அலையில் ஆட, மூட்டுவலி உள்ள அம்மா முதல் படியிலேயே கால் வழுக்கி உப்புநீரைக் குடித்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். "இனிமே என்னைக் கூப்பிடாதேப்பா. நீங்க போங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்றார். அந்தப் பயணத்தை இளைஞர்களுக்கு ஏற்றபடி திட்டமிட்டுவிட்டு அம்மாவை அதில் திணித்தது என் தவறு.

படகு தேவையில்லை என்பதே என் கருத்து. கரையிலிருந்து நடந்தே நீருக்குள் செல்லலாம். களைத்தால் காலை ஊன்றி நிற்கலாம். போதும் என்று தோன்றினால் திரும்பி நடக்கலாம். கழுத்தளவு நீரில் நிற்கும்போது கால்கள் தாங்கும் எடை, நம் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். தரையில் நான்கு படி ஏறத் தயங்கும் முழங்கால் நீரில் சிரமப்படுவதில்லை. மேலும், முகக்கண்ணாடி வழியாக நீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். வயதான கண்களுக்கு இது கடல் தரும் சலுகை!

"ஆபத்தில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து உண்டு, அதை மறைக்கக்கூடாது. நீரில் மூழ்கியதும் கால்களில் உள்ள இரத்தம் மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. குழாய் வழியாக மூச்சை இழுப்பதும் இயல்பான மூச்சைவிடக் கடினம். ஹவாய்த் தீவுகளில் ஸ்நோர்கெலிங் விபத்துகளை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் பெரும்பாலானவை கால் எட்டாத ஆழத்தில் நிகழ்ந்தவை என்று கண்டார்கள். எனவே, இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீரில் மூச்சு வாங்கினால் உடனே எழுந்து நின்று குழாயை எடுத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று யாரும் வற்புறுத்தக்கூடாது.

எங்கே போவது? நீரின் தெளிவை மட்டும் பார்த்தால் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் ஆகியவற்றுக்குப் பங்கோர் ஈடாகாது. இருந்தாலும், கிள்ளானிலிருந்து முதல்முறை செல்லும் பெரியோருக்கு நான் பங்கோரையே பரிந்துரைப்பேன். லூமுட்டிலிருந்து படகுப் பயணம் கால் மணி நேரம்தான். வடகிழக்குப் பருவமழை கிழக்குக்கரைத் தீவுகளை முடக்கும் ஆண்டிறுதியிலும் இங்குக் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். மாசி மகத்திற்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குச் சென்று வந்தவர்களுக்கு அத்தீவு புதிதும் அன்று. தெலுக் நீப்பாவை ஒட்டிய கோரல் பீச் கரைக்கு எதிரில் கியாம் என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பாறைகளை ஒட்டிப் பவளமும் மீன்களும் உண்டு. ஆனால், இடையே படகுகள் ஓடுவதால் கடந்து போக ஆசைப்படாமல் கரையோரப் பாறைப் பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தீவில் சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய மருத்துவமனையோ கடலுக்கு அக்கரையில், ஸ்ரீ மஞ்சோங்கில் உள்ளது. இதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

நாள் பார்ப்பதில் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மேற்குக்கரையில் நீர் மிகுதியாக ஏறி இறங்கும், இழுப்பும் வலுவாக இருக்கும், சேறும் கலங்கும். அரைநிலா நாள்களில், அதாவது அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் கடல் சற்று அமைதியாக இருக்கும். அம்மாவோ அஷ்டமியில் வாசற்படி தாண்டமாட்டார்! துறைமுகத்தில் நீரேற்றம் பார்த்துப் பழகிய அப்பாதான் வழி சொன்னார்: "சப்தமி அன்னிக்கே கிளம்பிடுவோம். அஷ்டமியில நாம அங்க இருப்போம், அவ்வளவுதானே?" பயணக் களைப்புத் தீர ஒரு நாள் ஓய்வும் அதனால் கிடைத்தது.

உடை பற்றிய கூச்சமும் பெரியோரைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறது. நம் நாட்டு மலாய்ப் பெண்கள் அணியும், உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடை எந்தப் பாட்டிக்கும் பொருந்தும், வெயிலும் சுடாது. மிதவைச் சட்டை கட்டாயம். முகம் முழுவதையும் மூடும் கவசத்தை அவசரத்தில் கழற்றுவது கடினம் என்பதால் அதைத் தவிர்க்கலாம். பொய்ப்பல் தளர்ந்திருந்தால் குழாயைக் கடித்துப் பிடிக்க முடியாது. பெரிய மீசை இருந்தால் கண்ணாடிக்குள் நீர் கசியும். அப்பா மீசையை எடுக்க மறுத்துவிட்டார். மீசையில் வாசலின் தடவியதும் கசிவு நின்றது.

மணல் தரை உள்ள இடமாகப் பார்த்து இறங்குவது மிக முக்கியம். நிற்க வேண்டும் என்று பவளத்தின் மீது கால் வைத்தால் பாதமும் கிழியும், பல ஆண்டுகள் வளர்ந்த பவளமும் நொறுங்கும். பேரப்பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் எனத் துணை சேர்ந்து, கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். சுற்றியுள்ள மீன்களைவிட அருகில் உள்ள தாத்தாவைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும்.

காலையில், இலேசான பசியாறலுக்குப் பிறகு, இடுப்பளவு நீரில் பதினைந்து நிமிடம் மூச்சுப் பழகினோம். பிறகு அப்பா முகத்தை நீரில் வைத்தார். சில நிமிடங்கள் அசையாமல் மிதந்தார். எனக்குப் பயமாகிவிட்டது, தோளைத் தொட்டேன். தலையைத் தூக்கிக் குழாயை எடுத்துவிட்டு, "சும்மா இருப்பா, மீன் ஓடிடும்" என்றார். அதைக் கேட்ட அம்மா, கரையில் இருந்த பைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, மிதவைச் சட்டையைக் கேட்டார்.