ஓசிடி என்றால் துடைப்பமா?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "எனக்கு லேசா ஓசிடி சார். எல்லாம் நீட்டா இருக்கணும்." பந்தியே தலையாட்டியது. மிக்ஸியைத் துடைத்து வைத்தால் ஓசிடி, செருப்பை ஜோடி சேர்த்து விட்டால் ஓசிடி. வேண்டாத எண்ணம் விடாமல் துரத்த, அதை அடக்க ஏதாவது ஒரு சடங்கைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோயின் பெயர் ரொம்ப மலிவாகிவிட்டது.

இவர்களுக்கெல்லாம் ஹோவர்ட் ஹியூஸை அறிமுகப்படுத்த ஆசை. விமானம், சினிமா, கோடிகள் என வாழ்ந்த அமெரிக்கர். கிருமிக்குப் பயந்து, பழ டின்னை எப்படித் திறப்பது என்று பணியாளர்களுக்குப் பக்கம் பக்கமாக உத்தரவு போட்டார். எதை நீட்டினாலும் டிஷ்யூ பேப்பர் சுற்றித்தான் நீட்ட வேண்டும். "அதானே சார் நானும் சொல்றேன்" என்பீர்கள். பொறுங்கள். 1976-இல் அவர் இறந்தபோது எலும்பும் தோலுமாக, பராமரிப்பே இல்லாத உடம்பு; விரல் ரேகையை வைத்து அடையாளத்தை உறுதி செய்தார்கள். கிருமிக்கு அஞ்சியவர் அழுக்கில் கிடந்தார். எங்கே போச்சு உங்கள் நீட்டு?

இந்த நோய் ஒரே சட்டையோடு சுற்றுவதில்லை. பன்னிரண்டு வயதில் கை கழுவிக்கொண்டே இருந்த பையன், இருபதில் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்புவான். குழந்தை பிறந்ததும், அதைத் தானே ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் புகுந்து, அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் நடுங்குவான். கொஞ்ச நாள் அடங்கும். பரீட்சை, பிரசவம், வேலை நெருக்கடி வந்தால் எகிறும். சிலரிடம் வெளியே ஒன்றுமே தெரியாது. மனசுக்குள் ஸ்லோகம் ஓடும். ஒரு எழுத்து பிசகியதாகத் தோன்றினால் மறுபடி முதலிலிருந்து. ஹியூஸை மட்டும் ஏன் இழுக்கிறாய் என்றால், இழுப்பேன். சுத்தம்தான் நோய் என்றால் அவர் பளபளவென்று அல்லவா செத்திருக்க வேண்டும்?

நம் வீடுகள் வேறு. மருமகள் பாத்திரத்தை ஏழு தடவை விளக்கினால் "சுத்தக்காரி" என்று மெச்சுவோம், கை தோலுரியும் வரை. மகன் அதையே செய்தால் மட்டும் டாக்டர் ஞாபகம் வரும். சாமி படத்தைப் பார்த்ததும் ஆபாச எண்ணம் வருகிறதே என்று அழும் பெண்ணை நேராக ஜோசியரிடம் கூட்டிப்போவோம். அவர் தோஷம் என்பார், பரிகாரத்துக்கு ரேட் சொல்வார். பரிகாரம் என்பதே இன்னொரு சடங்கு. எரிகிற அடுப்பில் நெய்.

பயத்தை நேரில் சந்திக்க வைத்து, சடங்கைச் செய்ய விடாமல் பழக்குகிற சிகிச்சையை லண்டனில் விக்டர் மேயர் 1966-லேயே எழுதிவிட்டார். மாத்திரையும் இருக்கிறது, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பக்கத்து இலைக்காரருக்கு இரண்டுமே தேவையில்லை, அவர் பாயசத்துக்குக் காத்திருந்தார்.