உழைப்பு நம்முடையது, கோப்பும் நம்முடையதாகட்டும்

தீர்த்தமலையைச் சுற்றியுள்ள காலனிகளில் அம்பேத்கர் மன்றம், இளைஞர் நற்பணி மன்றம், மகளிர் குழு எனப் பல பெயர்களில் நாம் கூடி வேலை செய்கிறோம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். கல்லூரிக் கட்டணத்துக்கு வீடு வீடாகப் பணம் திரட்டுகிறோம். வன்கொடுமை நடந்தால் காவல் நிலையத்துக்கும் அரூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைகிறோம். ஆனால், இந்த வேலைகளுக்கு வெளியிலிருந்து நிதி வரும்போது அது பெரும்பாலும் நகரத்துத் தொண்டு நிறுவனத்தின் பெயரில்தான் வருகிறது. நம் பிள்ளைகள் அதன் ஆண்டறிக்கையில் படமாகிறார்கள். திட்டக் காலம் முடிந்ததும் நிறுவனம் கிளம்பிவிடுகிறது.

2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வந்த திருத்தம் இந்த நிலையை இன்னும் இறுக்கியது. வெளிநாட்டுப் பணம் பெறும் நிறுவனம் அதை வேறோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் வழியாகச் சிற்றூர் அமைப்புகளுக்கு வந்த உதவி இதனால் நின்றது. இச்சட்டத்தில் நேரடியாகப் பதிவு பெற மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும். எந்தக் காலனி மன்றத்தால் இது முடியும்?

எனவே உள்நாட்டு நிதியைத்தான் நாம் நாட வேண்டியிருக்கிறது. அதில் ஒரு வழி, சமுதாய அறக்கட்டளைகள். ஓர் ஊரின் அல்லது சமூகத்தின் நலனுக்காகப் பலரிடம் நிதி திரட்டி, அங்கே உழைக்கும் சிறு அமைப்புகளுக்கு மானியம் தருவது இவற்றின் வேலை. 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கிய முறை இது. நம் நாட்டில் தலித் அமைப்புகளுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் மானியம், ஃபெல்லோஷிப் வழங்குவதற்கென்றே 2003-இல் டெல்லியில் தலித் ஃபவுண்டேஷன் உருவானது. எந்த அறக்கட்டளையை அணுகினாலும், அது தருவது உள்நாட்டுப் பணமா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது நம் தயாரிப்பு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, கூட்டத் தீர்மானப் புத்தகம், ஆண்டுதோறும் தணிக்கையான வரவு செலவு ஆகியவை வேண்டும். வருமான வரிச் சலுகைக்கான பதிவுகளும் இருந்தால் கதவுகள் எளிதில் திறக்கும். நிர்வாகக் குழுவில் பெண்கள் பெயரளவுக்கு இல்லாமல், கையெழுத்திடும் பொறுப்பிலும் இருக்கட்டும். மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் தரகர்களை அண்ட விடாதீர்கள்.

விண்ணப்பத்தில் "தலித் மாணவர் கல்வி மேம்பாடு" என்று மட்டும் எழுதினால், அது எந்த ஊருடைய விண்ணப்பமாகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்போடு நின்று திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? அடுத்த ஓராண்டில் எத்தனை பேரைத் தொடர்ந்து படிக்க வைக்கப் போகிறோம்? அதற்கு மாதச் செலவு என்ன? இவற்றை நம்மைவிட நன்றாக எழுத நகரத்து நிறுவனத்தால் முடியாது. வீடு வீடாகச் சென்று இந்தக் கணக்கை எடுக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. மானியம் அரசின் கடமைக்கு மாற்று அல்ல. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கெனத் தமிழக அரசு 2024-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. விடுதியும் சாலையும் கல்வி உதவித்தொகையும் நாம் அரசிடம் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். அந்தக் குரலை அடக்கச் சொல்லும் மானியம் நமக்குத் தேவையில்லை.

1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோதே, அண்ணல் அம்பேத்கர் அதைச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் முறையாகப் பதிவு செய்தார். நூறாண்டுக்குப் பிறகும் நம் மன்றங்களில் பல, பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. ஏழு பேர் உட்கார்ந்து பேச ஒரு மாலை போதும்.