அழுக்குக்கும் ஒரு காரணம் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்க நேரமில்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போய்விட வேண்டாம். படிக்காமல் போட்ட லைக்கால் வந்த வினையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் தான் செய்து முடித்த விமான மாடலின் படங்களைப் போட்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் பறந்த டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ, 1/72 அளவு. ஏர்பிரஷ் வேலை அத்தனை சுத்தம். சாம்பல் நிறத்தின் மேல் பச்சைப் பட்டைகள் பிசிறில்லாமல் விழுந்திருந்தன. காக்பிட் கண்ணாடியின் சட்டங்களில் ஒரு நூல் பிசகவில்லை. இறக்கையின் முன்விளிம்பு முழுக்கப் பெயிண்ட் உதிர்ந்து, உள்ளே அலுமினியம் பளிச் பளிச்சென்று தெரிந்தது. கீழே 80 பேருக்கு மேல் "அப்படியே நிஜ விமானம்" என்று எழுதியிருந்தார்கள். நானும் என் பங்குக்கு "அற்புதம் தம்பி, நிஜத்தைப் பார்ப்பது போலவே இருக்கிறது" என்று எழுதினேன்.

ராத்திரி படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. மஸ்கிட்டோ மர விமானம். மரத்தைச் சுரண்டினால் அலுமினியம் எங்கிருந்து வரும்?

மறுநாள் அவருக்குப் போன் செய்து பேசினேன். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் தெரியாமல் செய்தார். நான் தெரிந்திருந்தும் யோசிக்காமல் மார்க் போட்டேன். எது பெரிய தப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தெரியாத உறவினர்களுக்காக இரண்டு வரி. பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் கிட்டை ஒட்டி, பெயிண்ட் அடித்து, கடைசியில் அந்த விமானம் வெயிலிலும் மழையிலும் போரிலும் அடிபட்டது போலக் கறை, தேய்மானம், புகை, தூசி எல்லாம் ஏற்றுவதை வெதரிங் என்கிறோம். இப்போது இந்த வெதரிங் ஒரு நோயாகவே பரவிவிட்டது. எந்த விமானமாக இருந்தாலும், எந்த நாட்டில் பறந்திருந்தாலும், ஒரே சமையல் குறிப்புதான். பேனல் லைன் எல்லாவற்றிலும் கறுப்பு வாஷ். எல்லா விளிம்பிலும் ஸ்பாஞ்சால் தொட்டு வைத்த வெள்ளிப் பொட்டு. எல்லா எஞ்சினுக்குப் பின்னாலும் கரிப்புகை. இதற்கென்று தனித்தனி பாட்டில்களும் கடையில் கிடைக்கின்றன. பாட்டில் வாங்கிவிட்டோமே, காலி செய்யாமல் விடலாமா?

நான் சொல்வது ஒன்றுதான். மாடலின் மேல் வைக்கும் ஒவ்வொரு கறையும் ஒரு சாட்சியம். "இந்த இடத்தில் இது நடந்தது" என்று சொல்கிறீர்கள். பார்க்காமல் சொன்னால் அது பொய்ச்சாட்சி.

என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு இது உடனே புரிய வேண்டும். செய்முறை வகுப்பில் தனி ஊசலை 20 தடவை ஆடவிட்டு நேரம் எடுக்கச் சொல்வேன். உங்களில் சிலர் ஊசலைத் தொடவே மாட்டீர்கள். விடை 9.8 வர வேண்டும் என்று தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் ரீடிங் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொண்டுவருவீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் சார் என்று பிறகு கேட்டீர்களே, ரகசியம் இதுதான்: நிஜமாக எடுத்த ரீடிங் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். சமைத்த ரீடிங் சீராக இருக்கும். எல்லா விளிம்பிலும் ஒரே சீராகப் பெயிண்ட் உதிர்ந்த விமானத்தைப் பார்த்தால் எனக்கு அந்த ரெக்கார்டு நோட்டுதான் ஞாபகம் வருகிறது.

மஸ்கிட்டோவையே எடுத்துக்கொள்வோம். 1940 நவம்பர் 25 அன்று முதலில் பறந்தது. அதன் உடற்பகுதி இரண்டு பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டியது. இடது பாதி, வலது பாதி என்று அச்சின் மேல் தனித்தனியாகச் செய்து, உள்ளே வர வேண்டிய சாமான்களில் பலவற்றைப் பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். அதாவது நாம் மேசையில் கிட் ஒட்டுவது போலவே நிஜ விமானத்தையும் ஒட்டினார்கள்! இறக்கையும் மரம். அந்த மரத்தின் மேல் மெல்லிய பருத்தித் துணியை ஒட்டி டோப் பூசினார்கள். அந்தத் துணிக்குப் பெயர் மடபோலம். கோதாவரிக் கரையில், நரசாப்பூர் பக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்கிய ஊரின் பெயர் அது. அன்றைய சென்னை மாகாணத்து ஊர். நம் பக்கத்து ஊர்ப் பெயரைச் சுமந்து பறந்த விமானத்தின் மேல் இல்லாத அலுமினியத்தை நாம் பூசிக்கொண்டிருக்கிறோம்.

மஸ்கிட்டோவில் உலோகமே இல்லையா? இருந்தது. எஞ்சினை மூடும் தகடுகள் உலோகம். மெக்கானிக் தினமும் கழற்றி மாட்டும் அந்தத் தகட்டின் ஓரத்தில் நாலு கீறல் வைத்தால் நானே கைதட்டுவேன். இறக்கையில் தேய்ந்தால் தெரிவது அடிப்பூச்சும் துணியும்தான். இன்னொன்றும் கேளுங்கள். பர்மா முனையில் பறந்த மஸ்கிட்டோக்கள் பலவற்றுக்கு உடம்பு முழுவதும் வெள்ளி நிற டோப் அடித்தார்கள், வெயிலின் சூட்டைத் திருப்பிவிட. அங்கே வெள்ளி நிறம் பெயிண்டுக்கு உள்ளே இல்லை, அதுதான் வெளிப்பெயிண்டே. 1944இல் இந்தியாவில் சில மஸ்கிட்டோக்களின் இறக்கை ஒட்டுகள் விட்டுப்போய் விபத்துகள் நடந்தன, விசாரணையும் நடந்தது. நம் வெயிலும் ஈரமும் அந்த விமானத்தை என்ன செய்யும் என்பதுதான் அன்றைய கவலை. நாமோ இரண்டு வெள்ளிப் பொட்டு வைத்து, வெதரிங் முடிந்தது என்கிறோம்.

சரி, மரத்தை விடுவோம். முழு உலோக விமானமான அமெரிக்க பி-51 மஸ்டாங்கைப் பாருங்கள். அதன் இறக்கை மேல் காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக, முன்பகுதியின் இணைப்புக் கோடுகளையும் ரிவெட்டுகளையும் ஆலையிலேயே புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். எஞ்சினியர்கள் பாடுபட்டு மறைத்த கோட்டை, நாம் கறுப்பு வாஷ் ஊற்றி மறுபடி தோண்டி எடுக்கிறோம். கிட்டில் கோடு இருக்கிறதே என்பார்கள். கிட் செய்தவன் தப்புச் செய்தால் அடைத்துவிடுங்கள். பாடப் புத்தகத்தில் அச்சுப்பிழை இருந்தால் பிழையையா மனப்பாடம் செய்வீர்கள்?

ஜப்பானிய விமானம் என்றால் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ராணுவத்தின் கி-61 போன்றவற்றில் அது உண்மை. வெற்று அலுமினியத்தின் மேல் நேரடியாக அடித்த பச்சை உரிந்துகொண்டு வந்ததைப் படங்களில் பார்க்கலாம். கடற்படையின் ஜீரோ அப்படியல்ல. அடிப்பூச்சோடு நல்ல பெயிண்ட் பெற்று வந்தது. ஒரே நாடு, ஒரே போர், ஆனால் இரண்டு வேறு பூச்சு. "ஜப்பான் என்றால் இப்படித்தான்" என்று பிரஷ்ஷைத் தூக்குகிறவர் விமானத்தைப் பார்க்கவில்லை, பக்கத்து மேசை மாடலைப் பார்க்கிறார்.

ஸ்பிட்ஃபயரின் துப்பாக்கி வாய்களைச் சிவப்புத் துணி ஒட்டி மூடியிருப்பார்கள். சுட்டால் துணி கிழிந்துவிடும். ஒரு மாடலில் துணி நாலும் கிழியாமல் இருக்கிறது, பின்னாலேயே இறக்கை மேல் சுட்ட புகைக்கறையும் இருக்கிறது. சுட்டதா, சுடவில்லையா? எஞ்சின் புகையும் அப்படித்தான். அன்றைய 100 ஆக்டேன் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அதனால் எஞ்சினுக்குப் பின்னால் படிந்தது பல விமானங்களில் வெளிறிய சாம்பலும் பழுப்புமான கறைதான். நாம் அடிப்பது லாரி சைலன்சர் கரி.

கொஞ்சம் கணக்கும் போடுவோம், பழைய பழக்கம் விடமாட்டேன் என்கிறது. 1/72 அளவில் நீங்கள் வைக்கும் அரை மில்லிமீட்டர் வெள்ளிப் பொட்டு நிஜத்தில் 36 மில்லிமீட்டர். 0.3 மில்லிமீட்டர் அகலக் கறுப்புக் கோடு நிஜத்தில் 21.6 மில்லிமீட்டர். விரல் நுழையும் அகலம். இறக்கை முழுக்க விரல் நுழையும் சந்து உள்ள விமானத்தில் நீங்கள் ஏறுவீர்களா?

இவ்வளவும் சொன்னதால் நான் சுத்தக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். லிபியப் பாலைவனத்தில் மணல் வாரியடித்துத் தேய்ந்த விமானத்தை ஷோரூம் கார் மாதிரி பளபளப்பாகச் செய்து வைப்பதும் அதே பொய்தான். பசிபிக் தீவுகளில் பவளக்கல்லை நொறுக்கிப் போட்ட ஓடுபாதைகளில் ஏறி இறங்கிய கோர்சேர் விமானங்கள் வெளிறி, தூசி படிந்துதான் நின்றன. அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் வெளிற வையுங்கள். அழுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழுக்குக்குக் காரணம் வேண்டும் என்கிறேன்.

என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு இத்தனை கோபமா?" நியாயமான கேள்வி.

கோபம் பொம்மைக்காக இல்லை. விமானம் ஓட்டியவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. துடைத்தவர்கள் பெயர் இல்லை. 1939இல் ஹெஸ்டன் விமானதளத்தில் சிட்னி காட்டன் என்பவர் உளவுப் படம் எடுப்பதற்காக ஸ்பிட்ஃபயர்களைத் தயார் செய்தபோது, துப்பாக்கிகளை எடுத்துவிட்டு, இடுக்குகளை அடைத்து, மேற்பரப்பை மெருகேற்றினார்கள். ஆயுதமில்லாத விமானத்துக்கு வேகம் ஒன்றுதான் காவல். அந்த மெருகு யாரோ ஒரு தரைப் பணியாளரின் கைவலி. தான் சரியாகத் தேய்க்காவிட்டால் மேலே போனவன் திரும்பி வரமாட்டான் என்று தெரிந்து தேய்த்த கை. அந்த விமானத்தை எடுத்து, எண்ணெய் வழிய, பெயிண்ட் உரிய, பராமரிப்பே பார்க்காத டவுன் பஸ் மாதிரி செய்து வைத்துவிட்டு "நிஜம்" என்று பெயர் சூட்டுகிறோம். அவர்கள் வேலையே செய்யவில்லை என்று சொல்கிறோம். பெயரில்லாதவர்கள் மேல் பழி போடுவது சுலபம், மறுக்க ஆள் வரமாட்டார்கள்.

"சார், இது கலை. அழகுக்காகச் செய்கிறோம்" என்று சிலர் எழுதுவீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஊதா நிறத்தில்கூட மஸ்கிட்டோ அடியுங்கள், ரசிக்கிறேன். ஆனால் அப்போது "நிஜம் போலவே" என்ற சர்டிபிகேட் கேட்காதீர்கள். கலை என்றும் வேண்டும், சாட்சி என்றும் வேண்டும் என்றால் எப்படி? போட்டிகளில் மார்க் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். எத்தனை டெக்னிக் காட்டினான் என்று எண்ணாதீர்கள். அடிஷனல் ஷீட் எத்தனை கட்டினான் என்று பார்த்து மார்க் போடுவதற்குச் சமம் அது.

பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விமானம் எதனால் செய்தது, எந்தப் பகுதி உலோகம், எது மரம், எது துணி? எங்கே, எந்த மாதம், எத்தனை நாள் பறந்தது? யார் எங்கே மிதித்து ஏறினார்கள், எதைத் தினமும் கழற்றினார்கள்? அந்த ஒரே விமானத்தின் ஒரு போட்டோ கிடைத்தால் அதைவிட வாத்தியார் கிடையாது. கிடைக்காவிட்டால் குறைவாகச் செய்யுங்கள். தெரியாத கேள்விக்கு இடம் விட்டுவிட்டு வருவது கௌரவம்தான். கதை எழுதி நிரப்பினால்தான் எனக்குக் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

போனில் அந்த மாணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆறு மாச வேலை சார், முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த வார்த்தை எனக்கு வேண்டியதுதான். நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினார். சின்ன பிரஷ்ஷால் வெள்ளிப் பொட்டுகளை ஒவ்வொன்றாக மூடியிருக்கிறார். எஞ்சின் மூடியில் மட்டும் மூன்று கீறலை விட்டு வைத்திருக்கிறார். பார்க்க முன்பைவிடச் சாதாரணமாக இருக்கிறது. பழைய படத்துக்கு வந்த லைக்கில் பாதிகூட இதற்கு வராது.

என் பழைய கமெண்டை அழித்துவிட்டேன். புதிய படத்துக்கு முழு மார்க்.

மறுக்க விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள். திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு போட்டோவை ஆதாரம் காட்டித் திட்டுங்கள்.