மீசை முளைக்காத 'மூத்தவர்'!

மீசைகூட ஒழுங்கா அரும்பாத ஒரு பையனை, நரைச்ச தலைக்காரங்க எல்லாம் 'மூத்தவரே'னு கூப்பிட்டா எப்படி இருக்கும்?

அமெரிக்காவுல இது தினமும் நடக்குது பாஸ். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ். எப்பவும் ஜோடியாத்தான் வருவாங்க. பேட்ஜ்ல 'எல்டர்'னு போட்டு குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். எல்டர்னா மூத்தவர். வயசு என்னவோ பதினெட்டு, பத்தொன்பதுதான்! பொண்ணுங்கன்னா 'சிஸ்டர்'.

மார்மன்கள்னு உலகம் சொல்ற சபையோட இளம் மிஷனரிகள் இவங்க. (அந்தப் பட்டப்பேர் வேண்டாம், சபையோட முழுப் பேரையும் சொல்லுங்கனு 2018-ல அவங்க தலைவரே கேட்டுக்கிட்டார். முழுப் பேர் ஒரு ரயில் நீளம். அது வேற விஷயம்.) 1830-ல ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்துல தொடங்கின சபை. இப்போ தலைமையகம் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி.

பையன்களுக்கு ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கு ஒன்றரை வருஷம். சம்பளம்? மூச்! செலவுக்கு அவங்களோ, வீட்டுலயோதான் பணம் கட்டணும். அமெரிக்கப் பசங்களுக்கு அது 2020-ல மாசம் 500 டாலர் ஆச்சு. எந்த ஊருக்குப் போகணும்னு கேட்கற உரிமையும் கிடையாது. தலைமையகம் கை காட்டற இடத்துக்கு மூட்டையைக் கட்டணும். பிரேசில்னு வந்தா போர்ச்சுகீசிய மொழி கத்துக்கணும். அப்படி பிரேசிலுக்குப் போய் வந்த டேவிட் நீல்மன்தான் பிற்பாடு ஜெட்ப்ளூ விமானக் கம்பெனியை ஆரம்பிச்சார். 2008-ல பிரேசிலுக்கே திரும்பி வந்து 'அசுல்'னு இன்னொண்ணும் ஆரம்பிச்சார். மொழி வீண் போகலை!

சரி, போய்ச் சேர்ந்த ஊர்ல வாழ்க்கை எப்படி? காலையில ஆறரைக்கு எழுந்திரிக்கணும். படிப்பு, பிரார்த்தனை, அப்புறம் தெருத் தெருவா நடை. கதவைத் தட்டினா பாதிப் பேர் திறக்க மாட்டாங்க. திறந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சிரிச்சுக்கிட்டே சாத்துவாங்க. உள்ளூர்ச் சபைதான் இவங்களுக்குத் தாய்வீடு. எந்த நாள் யார் வீட்டுல ராச்சாப்பாடுனு சபைக் குடும்பங்களே பேர் எழுதிக் கொடுத்துடும். டீ, காபி மட்டும் எதிர்பார்க்காதீங்க. அவங்க மதத்துல அது ரெண்டுக்கும் தடா. வாரத்துல ஒருநாள் துணி துவைக்க, மளிகை வாங்க லீவு.

கஷ்டமான விஷயம் எது தெரியுமா? கூட வர்ற அந்த இன்னொரு ஆள். 'கம்பானியன்'. நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. அவன் குறட்டை விட்டாலும், உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசாட்டாலும் அவனோடதான் எல்லாம். தனியா தெருமுனைக்குப் போறதும் விதிப்படி தப்பு. ஹாஸ்டல் ரூம்மேட்டோட சண்டைன்னா நாம வராந்தாவுக்காவது போய் உட்காரலாம். இவங்களுக்கு அதுவும் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வர்ற டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்டுல பேர் இருக்கானு பார்க்கறதுதான் ஒரே வழி.

அம்மாகிட்ட புலம்பலாம்னா, ரொம்ப காலத்துக்கு வருஷத்துல ரெண்டே போன்தான். கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு. 2019 பிப்ரவரியிலதான் வாரம் ஒருமுறை பேசலாம்னு விதியைத் தளர்த்தினாங்க. பத்தொன்பது வயசுப் பிள்ளை அம்மாகிட்ட பேச இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாதுங்கறது என் கட்சி.

இன்னொண்ணும் உறுத்துது. பொண்ணுங்களுக்கு இது விருப்பம். பையன்களுக்கோ கடமைனே சொல்லி வளர்க்கறாங்க. முழுசா முடிச்சுட்டு வந்தவனுக்கு ஊர்ல மரியாதை, கல்யாணச் சந்தையிலயும் மதிப்பு. ஆனா உடம்பு முடியாமலோ, மனசு நொறுங்கியோ ஆறே மாசத்துல திரும்பி வர்றவனும் உண்டு. அவனுக்கு சொந்த ஊர்லயே வேற விதமான சேவை செய்ய சபை வழி வெச்சிருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும், 'என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டே?'னு கேட்கற ஊர் வாயை அடைக்க எந்தத் தலைமையகத்தால முடியும்? ஆயிரம் கதவு முகத்துல சாத்தினப்போகூட நின்னவன், இந்த ஒரு கேள்விக்கு பயந்து பின்வாசல் வழியா வீட்டுக்குப் போறான்.