சத்தம் பழகிருமா?



காலையில் கோட்டாறு கம்போளத்தில் நின்று பாருங்கள். லாரி ஹாரன், வியாபாரிகளின் கூவல், சுமை தூக்குபவரின் "வழி, வழி!"... அந்தக் கூச்சலுக்குள்ளும் பக்கத்தில் ஒருவர் சொல்லும் விலை நம் காதில் விழுகிறது. எப்படி?

கூச்சல் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும். இறங்குகிற இமைப்பொழுதில் காது பேச்சைக் கொத்தி எடுத்துக்கொள்ளும். விட்டுப்போனதை மூளை நிரப்பிக்கொள்ளும். 1984-ல் ஹால், ஹேகர்டு, பெர்னாண்டஸ் என்ற மூவர் வெளியிட்ட சோதனை இன்னும் வேடிக்கையானது. ஏறி இறங்கும் இரைச்சலுக்குள் மெல்லிய 'பீப்' ஒலி ஒன்றை ஒளித்து வைத்தார்கள். பிறகு வேறு அதிர்வெண்களிலும் இரைச்சலைச் சேர்த்தார்கள். பீப் இன்னும் அமுங்கத்தானே வேண்டும்? இல்லை! சேர்த்த இரைச்சலும் பழையதோடு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியதால், பீப் முன்னைவிட எளிதாகக் கேட்டது. சேர்ந்து ஆடுவதெல்லாம் ஒரு கூட்டம், பீப் வேற ஆளு என்று பிரித்துவிடுகிறோம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதை?

என் அப்பாவிடம் இந்த வித்தை போய்விட்டது. அவர் இருபது வருடம் ஒரு அரிசி ஆலையில் நின்றவர். அந்த மோட்டார் இரைச்சலில் இடைவெளியே கிடையாது. வீட்டில் கூப்பிட்டால் உடனே "என்ன மக்கா?" என்பார். கம்போளத்தில் யார் பேசினாலும் சும்மா தலையாட்டுவார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஊருக்கு அது போதாதா? "மவன் டிப்ளமா படிக்கான்லா, அதான் தலக்கனம்!" கேள்வி குறைந்த காதுக்கு இரைச்சலின் இடைவெளி அவ்வளவாகக் கைகொடுக்காது என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஆலையில் அப்பாவிடம் சொன்னார்களாம், "சத்தம் பழகிரும்" என்று. நம் ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டர் பக்கத்திலும் அதே வசனம்தான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, இரைச்சலால் வரும் கேள்விக்குறை ஒரு தொழில்நோயாக இடம் பெற்றிருந்தது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் எல்லை என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரே ஒரு மணி நேரம். கணக்கு நமக்குத் தெரியாததா?

காதில் பஞ்சு வைத்தால் போதாதா என்பார்கள் சிலர். சாதாரணப் பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. காதுக்குள் விரிந்து அடைக்கிற ஸ்பாஞ்சு அடைப்பான்தான் வேண்டும். சீனியர் அண்ணன்கள் கேலி செய்தாலும் சரி, கேட்கிறேன்: கலைவிழாவுக்கு ஸ்பீக்கர் வாடகை எழுதும் யூனியன் கணக்கில் இதற்கும் ஒரு வரி எழுதக்கூடாதா? ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு டப்பா. பிராக்டிகல் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு ஜோடி.